உள்ளத்தின் சுமையும் எலும்பின் வலிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசாமல், எலும்பைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் பேச இவர் ஏன் வந்தார் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன், பாடம் நடத்துகிறவன். ஆயினும், கற்றவர்கள் எழுதி வைத்ததைப் படித்து, அதைக் கற்காதவர்க்கும் விளங்கும்படி எடுத்துரைப்பதுதானே ஆசிரியன் தொழில்? இச்சங்கம் நம் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. பட்டம் பெறச் செய்தது. அப்பிள்ளைகள் கற்ற கல்வியைச் சுமந்து நடக்க உறுதியான உடலும் தெளிந்த உள்ளமும் வேண்டும். அவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அண்மைக் காலத்து அறிவியல் நமக்குக் காட்டியிருக்கிறது. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் எலும்பைப் பற்றிச் சில சொற்கள். எலும்பு என்றதும் சுடுகாட்டில் கிடக்கும் வெண்மையான, உயிரற்ற பொருளே நம் நினைவுக்கு வருகிறது. உண்மை அதுவன்று. வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள 206 எலும்புகளும் உயிருள்ளவை. அவற்றில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது. மண்சுவர் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஆண்டுதோறும் பெயர்ந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் குழைத்துப் பூசுகிறோம் அல்லவா? அதைப்போல எலும்பிலும் இரு வகை உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு வகை பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கிறது. மற்றொரு வகை அவ்விடத்தில் புதிய எலும்பைப் பூசுகிறது. சுரண்டலும் பூசலும் சமமாக நடக்கும் வரை சுவர் உறுதியாக நிற்கும். சுரண்டுவது மிகுந்து பூசுவது குறைந்தால், வெளியே பார்க்கச் சுவர் நின்றாலும் உள்ளே பொத்தலாகிவிடும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். எலும்பு தன் முழு வலிமையைத் தேடிக் கொள்ளும் காலம் இளமைக் காலமே. ஏறத்தாழ முப்பது வயதிற்குள் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுதான் வாழ்நாள் முழுமைக்கும் கையிருப்பு. அறுவடைக் காலத்தில் குதிரில் கொட்டி வைத்த நெல்லைக் கொண்டு ஆண்டு முழுவதும் காலம் தள்ளுவதைப் போன்றது இது. மாதவிலக்கு நின்ற பின் ஒவ்வொரு பெண்ணுக்கும் எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும். அப்போது குதிரில் இருப்பு நிறைந்திருந்தால் தாங்கும். முன்பே அரைக்குதிராக இருந்தால், அறுபது வயதில் முற்றத்தில் வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியும். ஆகவே, பாட்டியின் இடுப்பு முறிவுக்கான விதை பல வேளைகளில் அவள் பேத்தி வயதில் இருந்தபோதே விழுந்திருக்கிறது.

இனி மனச்சோர்வு. துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துக்கம் எல்லார்க்கும் வரும். நாள் செல்லச் செல்ல ஆறும். ஆனால் இரண்டு வாரத்திற்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பதும், முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டம் இல்லாமற் போவதும், உறக்கம் கெடுவதும், பசி போவதும், கை கால் அசைக்கவும் இயலாத களைப்பும், தான் எதற்கும் பயனற்றவள் என்ற எண்ணமும், செத்துவிடலாம் என்ற நினைவும் சேர்ந்து வருமானால் அது நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக வருகிறது. நம் ஊர்களில் இந்நோய்க்கு இந்தப் பெயர் கிடையாது. கன்னிப் பெண்ணாயின் ‘காத்துக் கருப்பு’ என்கிறோம். மருமகளாயின் ‘சோம்பேறி’ என்கிறோம். பள்ளிப் பிள்ளையாயின் ‘படிப்பு ஏறவில்லை’ என்கிறோம். நோய்க்குத் தவறான பெயரிட்டால் மருந்தும் தவறான இடத்தில்தான் தேடப்படும்.

இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்க நாட்டில் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டா நகரில் அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிலையங்கள் உள்ளன. அங்குள்ள ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வு நோய்க்கு ஆளான 24 பெண்களையும், அதே வயதும் உடல்வாகும் உள்ள, அந்நோய் இல்லாத 24 பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். சராசரி வயது 41. நோயுற்ற பெண்களின் எலும்பு அடர்த்தி முதுகுத் தண்டில் 6.5 விழுக்காடும், தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் 13.6 விழுக்காடும் குறைந்திருந்தது. வெறும் 48 பேரைக் கொண்டு உலகத்திற்கே முடிவு கட்ட முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. எனவே அதே நிலையங்களைச் சேர்ந்தோர் மேலும் பெரிய ஆய்வொன்றைச் செய்து 2007ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டனர்.

இம்முறை ஆய்வுக்கு வந்தவர்கள் 21 முதல் 45 வயது வரையுள்ள, மாதவிலக்கு நிற்காத பெண்கள். மனச்சோர்வு நோயுள்ளோர் 89 பேர். இல்லாதோர் 44 பேர். இடுப்பை ஒட்டிய தொடையெலும்புக் கழுத்தில் அடர்த்தி குறைந்திருந்தவர்கள், நோயுள்ளோரில் 100க்கு 17 பேர். நோயில்லாதோரில் 100க்கு 2 பேர் மட்டுமே. முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் 100க்கு 20 பேர், 100க்கு 9 பேர் என்ற கணக்கு. உண்ணும் சுண்ணாம்புச் சத்து, உடற்பயிற்சி, புகைப் பழக்கம் போன்றவற்றில் இரு சாராரிடையேயும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வேற்றுமை மனச்சோர்வு ஒன்றே. பின்னர் 2009ஆம் ஆண்டில், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் எட்டு நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளையெல்லாம் ஒன்று திரட்டிப் பார்த்தனர். மனச்சோர்வும் எலும்பு அடர்த்திக் குறைவும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதும், மாதவிலக்கு நிற்காத இளம் பெண்களிடம் இத்தொடர்பு வலுவாக உள்ளது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

உள்ளத்திலுள்ள துயரம் எலும்பு வரை எப்படி இறங்குகிறது? அறிஞர்கள் பல வழிகளைக் காட்டுகின்றனர்.

முதல் வழி, சுரப்பு நீர். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரு சுரப்பிகள் உள்ளன. ஆபத்து வரும்போது அவை கார்டிசால் என்னும் நீரைச் சுரக்கின்றன. பாம்பைக் கண்டு துள்ளி ஓடுவதற்கு அது உதவும். ஆனால் மனச்சோர்வு நோயில் பலருக்கு, பாம்பு இல்லாதபோதும் அச்சுரப்பு ஓய்வதில்லை. கார்டிசால் மிகுந்தால், எலும்பைப் பூசும் உயிரணுக்களின் வேலை தளரும். உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதும் குறையும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், இச்சுரப்பு அளவு மீறிப் போகும் நோயொன்றை 1932ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். அந்நோயாளிகளிடம் எலும்பு நலிவும் மனக்கலக்கமும் சேர்ந்தே காணப்படுவதுண்டு.

இரண்டாவது வழி, அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதற்குக் காரணமான புரதங்கள் சில இரத்தத்தில் உண்டு. 2007ஆம் ஆண்டு ஆய்வில், மனச்சோர்வுடைய பெண்களிடம் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் மிகுந்தும், அதை அடக்கும் புரதங்கள் குறைந்தும் இருக்கக் கண்டனர். அழற்சிப் புரதங்கள் எலும்பைச் சுரண்டும் உயிரணுக்களை ஏவிவிடுபவை.

மூன்றாவது வழி, நரம்பு. எருசலேம் ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். எலிகளைப் பல வாரங்கள் சிறு சிறு தொல்லைகளுக்கு உள்ளாக்கினர். அவை சோர்ந்து போயின. அவற்றின் எலும்பும் குறைந்தது. மனச்சோர்வுக்கான மருந்தைக் கொடுத்தபோது சோர்வும் எலும்பு இழப்பும் தடுக்கப்பட்டன. பதற்றத்தைக் கடத்தும் நரம்பின் செயலை எலும்பில் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் எலும்பு காக்கப்பட்டது. பெரிய அடி ஒன்றும் விழவில்லை. நாள்தோறும் விழுந்த சிறு தொல்லைகளே போதுமாயின என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நாள்தோறும் சிறுமையைத் தாங்கி வாழ்வதென்றால் என்னவென்று இவ்வவையில் உள்ளோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது வழி, நம் கண்ணெதிரே உள்ளது. சோர்ந்தவள் உண்பதில்லை, நடப்பதில்லை, வெளியே வருவதில்லை. உணவு குறைந்தால் சுண்ணாம்புச் சத்து குறையும். வெயில் படாவிட்டால், அச்சத்தை உடலில் சேர்க்கும் வைட்டமின் டி குறையும். பாரம் தாங்கி இயங்காத எலும்பு மெலியும். உடல் மிக இளைத்து மாதவிலக்கு தவறிப் போனால், எலும்பைக் காக்கும் பெண்மைச் சுரப்பும் குறைந்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இரண்டு சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. மேற்சொன்ன மனித ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன. எலிகளின் சோதனை அத்தொடர்புக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. மனச்சோர்வுள்ள பெண்கள் எல்லாருக்கும் எலும்பு மெலியும் என்பதில்லை. அதே 2007ஆம் ஆண்டுக் கணக்கில் 100க்கு 83 பேருக்குத் தொடையெலும்புக் கழுத்தில் அடர்த்தி குறையவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அச்சமூட்டுவது என் நோக்கமன்று. விழிப்பூட்டுவதே என் நோக்கம்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். பதினெட்டு முடிந்ததும் மணம் செய்து வைத்தார்கள். இருபத்தாறு வயதிற்குள் இரண்டு பிள்ளைகள். இடுப்பு வலி, முதுகு வலி என்று ஊசி போட்டுக் கொண்டாள், எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுக் கொண்டாள், வேப்பிலையும் அடித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் அவளிடம், “இராத்திரி தூங்குறியாம்மா? வேளைக்குச் சாப்பிடுறியா?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. அவள் அரைமணி நேரம் அழுதாள் என்று அவள் தாய் என்னிடம் சொன்னார். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினார்கள். சத்துக் குறைவுக்கும் மருந்து கொடுத்தார்கள். இன்று அவள் எழுந்து நடமாடுகிறாள். மகளிர் குழுவின் கணக்கை எழுதுகிறாள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. எலும்பின் அடர்த்தி குறைவது பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும். முறியும் வரை தெரியாது. அவள் சொன்ன வலி வேறு. அது உள்ளத்தின் நோயும் உடலின் களைப்பும் சேர்ந்து பேசிய மொழி. நம் பெண்கள் ‘மனசு வலிக்கிறது’ என்று சொல்ல வெட்கப்படுவார்கள். ‘இடுப்பு வலிக்கிறது’ என்பார்கள். அந்த வலியை நம்பி அவர்களை அழைத்துச் சென்றால், வாய் திறவாமல் தேயும் எலும்பையும் சேர்த்தே காப்பாற்றலாம்.

‘உழைக்கிற உடம்புக்கு எலும்பு இரும்பு’ என்று நம்மவர் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. பாரம் தூக்குவதும் நடப்பதும் எலும்புக்கு நல்லவையே. ஆனால் உணவில்லாத உழைப்பு எலும்பை வளர்க்காது. வீட்டில் எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பவள் யார்? நடவுக்கும் களைக்கும் போய்விட்டு வந்து அடுப்பில் நிற்பவள் யார்? இன்று நம் இளம் பெண்களில் பலர் விடியுமுன் கம்பெனி வேனில் ஏறி, இருட்டிய பின் இறங்குகிறார்கள். வெயில் நிறைந்த நாட்டில் வெயிலைக் காணாமல் வாழ்கிறார்கள்.

உழைக்கும் பெண்ணின் உடல் அவள் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று, நாட்டுக்கே உரிய பொறுப்பு என்பதை அண்ணல் அம்பேத்கர் அன்றே உணர்ந்திருந்தார். 1928ஆம் ஆண்டு பம்பாய் சட்ட மன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து, பிள்ளைப் பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டுமென வாதாடினார். பேறு காலத்திற்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி நம் ஊர்களில் இன்றும் பேசுவாரில்லை. பிள்ளை பெற்றவள் சிரிக்கவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை, உண்ணவில்லை என்றால் அது திமிரன்று. மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய நோய்.

நாம் செய்யத் தக்கவை யாவை?

முதலாவது, உணவு. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வரையறுத்தது. அது கடைச் சரக்கன்று; நம் அடுப்பங்கரைச் சரக்கு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முருங்கைக் கீரை 100 கிராமில் 300க்கு மேல் உண்டு. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 உண்டு. எள்ளும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாடும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. கேழ்வரகுக் களியையும் முருங்கைக் கீரையையும் ஏழைச் சோறு என்று ஒதுக்கி, பாக்கெட்டில் வருவதை நாகரிகம் என்று வாங்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் விட வேண்டும்.

இரண்டாவது, வெயிலும் அசைவும். பெண் பிள்ளை பூப்பெய்தியதும் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். எலும்பு மிக விரைந்து வளரும் பருவம் அதுவே. அவளை மைதானத்தை விட்டு அழைத்து வராதீர்கள்.

மூன்றாவது, மருந்தைப் பற்றிய விழிப்பு. உடல் வலிக்கும், உடல் பெருக்கவும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அது கார்டிசாலின் உடன்பிறப்பு. நீண்ட நாள் உண்டால் எலும்பை அரிக்கும். மருத்துவர் எழுதித் தராமல் அதை உண்ணாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்ததைத் திடீரென நிறுத்தவும் செய்யாதீர்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகளுக்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று, பெரும்பாலும் முதியோரிடம் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. அதைக் கேட்டு இளம் பெண் எவளும் தன் மருந்தைத் தானே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவம் பெறாத மனச்சோர்வு எலும்பை மட்டுமன்று, உயிரையே கொண்டு போகக் கூடியது. ஐயமிருந்தால் மருத்துவரிடமே கேளுங்கள்.

நான்காவது, உரிய இடத்திற்குச் செல்லுதல். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் சோதனை எல்லாப் பெண்களுக்கும் தேவையில்லை. ஆனால் சிறு விழுதலில் எலும்பு முறிந்தவர், மாதவிலக்கு நீண்ட நாள் நின்று போனவர், நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர், மனச்சோர்வு பல ஆண்டு நீடித்தவர் ஆகியோர் அச்சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நன்று.

சங்கத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். மாலை நேர வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளைத் திங்கள்தோறும் ஒரு நாள், ஆசிரியைகளைக் கொண்டு தனித்தனியே நலம் கேட்கச் செய்யுங்கள். ‘எத்தனை மதிப்பெண்?’ என்ற கேள்வியோடு, ‘உறங்கினாயா? உண்டாயா?’ என்ற கேள்வியும் வரட்டும். நம் சங்க நூலகத்தில் ஒரு சுவர் முழுவதும் தேர்வு முடிவுகள் தொங்குகின்றன. அதனருகே 14416 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

ஆண்மக்களே! உங்களுக்கும் ஒரு சொல். மனைவியும் மகளும் சோர்ந்து கிடந்தால் முதலில் அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் உண்ட பின் நீங்கள் உண்ணும் நாள் வாரத்தில் ஒன்றாவது இருக்கட்டும். அதற்குச் செலவில்லை.

இந்தச் சங்கத்தின் பொன் விழா இன்னும் இருபத்தைந்து ஆண்டில் வரும். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் அன்று நாற்பது வயதைத் தொட்டிருப்பார்கள். அவர்கள் நிமிர்ந்த முதுகோடும் தெளிந்த முகத்தோடும் இம்மேடையில் ஏறித் தலைமை தாங்க வேண்டும். அதற்கான குதிரை நிரப்பும் காலம் இதுவே.